கண் உள்வாங்குமா? முதல் சி.டி. ஸ்கேனிலேயே தேட வேண்டியவை

கண்குழியின் சுவர் முறிந்தவருக்குக் கண் உள்வாங்கியிருப்பது முதல் சில நாள்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. அடிபட்ட திசுக்கள் வீங்கியிருக்கும். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டியிருக்கலாம். மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸிலிருந்து காற்றும் புகுந்திருக்கலாம். இவையெல்லாம் கண்கோளத்தை முன்னால் தள்ளி நிறுத்துவதால், எதிரே இருந்து பார்ப்பவருக்கு இரு கண்களும் சமமாகவோ, அடிபட்ட கண் சற்றுப் பிதுங்கியோகூடத் தோன்றும். வீக்கம் வடிந்த பிறகே கண் மெல்லப் பின்னோக்கிப் போகிறது, மேலிமைக்கு மேலே பள்ளம் விழுகிறது. சுவரைச் சீரமைக்க உகந்த காலமாகப் பல அறுவை மருத்துவர்கள் கருதும் முதல் இரண்டு வாரங்கள் அதற்குள் கடந்துவிடக்கூடும். பிறகும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றாலும், தழும்பேறி ஒட்டிக்கொண்ட திசுக்களைப் பிரித்து மேலே கொண்டுவருவது கடினமான வேலை. ஆகவே, தொடக்கத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனிலிருந்தே வரப்போவதைக் கணித்துச் சொல்ல முயல வேண்டும் என்று, ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவராக நான் உறுதியாக நம்புகிறேன். "கீழ்ச்சுவரில் முறிவு காணப்படுகிறது" என்ற ஒற்றை வரி, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் அறுவை மருத்துவருக்கு எந்த வகையிலும் உதவாது.

வளர்ந்த ஒருவரின் கண்குழி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளளவு உடையது. அதில் கண்கோளம் சுமார் 7 மில்லிலிட்டர்தான். மீதி இடத்தில் கொழுப்பும், தசைகளும், நரம்புகளும், இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. கீழ்ச்சுவரும் மூக்கை ஒட்டிய உட்சுவரும் மிக மெல்லியவை. அவை முறியும்போது கொழுப்பும் சில சமயம் தசையும் பக்கத்துச் சைனஸ் அறைக்குள் இறங்கிவிடுகின்றன. கண்குழி பெரிதாகிறது, உள்ளிருக்கும் பொருளோ கூடுவதில்லை. தாங்கல் குறைந்த கண்கோளம் பின்னால் போகிறது. கொள்ளளவு 1 மில்லிலிட்டர் கூடினால் கண் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக உள்வாங்கும் என்பது ஆய்வுகள் பலவற்றில் கிடைத்த கணக்கு. இரு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தால் பிறர் கவனிக்கத் தொடங்குவார்கள் என்பதால், 2 முதல் 3 மில்லிலிட்டர் வரையிலான பெருக்கத்தை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

இந்தக் கொள்ளளவை அளக்க 1 மில்லிமீட்டரோ அதைவிட மெல்லியதோ ஆன படத் துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எல்லையை வரைந்து, கணினியில் கூட்டி, அடிபடாத கண்குழியோடு ஒப்பிடுகிறோம். சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், கண்குழியின் முன்பக்கத்தில் சுவர் கிடையாது. எங்கே கோடு போட்டு மூடுவது என்பதை அளப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரு பக்கமும் ஒரே விதியைப் பின்பற்றாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. மெல்லிய எலும்பு முழுதாக இருந்தும் படத்தில் ஓட்டைபோலத் தெரிவதுண்டு. அதனால் எலும்பின் கோட்டை மட்டும் நம்பாமல், படத்தில் கருமையாகத் தெரியும் கொழுப்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது என் வழக்கம்.

கீழ்ச்சுவரில் பாதிக்கு மேல் உடைந்தால் அறுவை சிகிச்சை என்ற பழைய விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது. பரப்பை மட்டும் பார்க்கும் அந்த விதியில் எனக்கு முழு நிறைவில்லை. அகலமாக முறிந்தும் அசையாமல் நிற்கும் சுவர் கண்ணை அதிகம் பாதிக்காது; சிறிய பரப்பானாலும் ஆழமாக இறங்கிய சுவர் பாதிக்கும். முறிவின் இடமும் முக்கியம். கண்கோளத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் சுவர் இறங்கினால் கண் உள்வாங்கும் வாய்ப்பு அதிகம். கீழ்ச்சுவரும் உட்சுவரும் சேரும் விளிம்பு நொறுங்கி, இரண்டு சுவர்களும் சேர்ந்து விலகியிருந்தால் கவலை இன்னும் கூடுகிறது.

நான் மிகவும் மதிக்கும் அடையாளம் வேறொன்று. கண்ணைக் கீழே திருப்பும் தசையை, முகத்துக்கு இணையாக வெட்டிக் காட்டும் கரோனல் படத்தில் பார்த்தால், இயல்பாக அது தட்டையான நீள்வட்டமாக இருக்கும். முறிவுக்குப் பின் அது உருண்டு, உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால், அதைத் தாங்கி நின்ற சவ்வு அறுந்திருக்கக்கூடும். கொள்ளளவு மிதமாகவே கூடியிருந்தாலும், தசை இப்படி உருண்டிருக்கும் நோயாளியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

குழந்தைகளின் நிலை தனி. வளையும் எலும்பு விரிந்து, தசையைக் கவ்வி, மீண்டும் மூடிக்கொள்ளும்; கொள்ளளவு கூடியே இருக்காது, வெளியே கண் சிவந்துகூட இருக்காது. கண்ணை மேலே உயர்த்த முடியாமல் வலியும் வாந்தியும் வந்து, இதயத் துடிப்பும் குறைந்தால், அங்கே அளந்துகொண்டிருக்கக் கூடாது. தசையை உடனே விடுவிக்க வேண்டும்.

கணிப்புக்கும் எல்லை உண்டு. கண்ணுக்குப் பின்னால் கட்டிய இரத்தம் கரைவதும், கொழுப்பு நாளடைவில் சுருங்குவதும், தழும்பு இழுப்பதும் முதல் படத்தில் தெரியாதவை. கன்ன எலும்பும் சேர்ந்து விலகியிருந்தால், கண்குழியின் வெளி விளிம்பில் வைத்து, கண் எவ்வளவு முன்னே நிற்கிறது என்று அளக்கும் ஹெர்டல் கருவியும் தவறான அளவையே காட்டும். பெருக்கம் 1 மில்லிலிட்டருக்குள் இருந்து, தசை தட்டையாகவே இருந்து, இரட்டைப் பார்வையும் இல்லாதவரைக் காத்திருக்கச் சொல்லலாம். பெருக்கம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருப்பவரைப் பற்றித்தான் அறிக்கையில் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது: அளவு, முறிவின் இடம், தசையின் வடிவம் ஆகியவற்றோடு, வீக்கம் வடிந்ததும், இரண்டு வாரம் முடிவதற்கு முன்பே, கண்ணை மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் நான் சேர்த்துவிடுகிறேன்.