ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் இடையில்

கடந்த ஆண்டு சித்திரை வெயிலில் என் மகள் மூன்று நாள் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் துவண்டு கிடந்தாள். அதற்கு முந்தைய மாலை, நடன வகுப்பு முடிந்து வரும் வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையில், பப்பாளியும் வாழைப்பழமும் சேர்த்து அரைத்த ஸ்மூத்தியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது; மருத்துவரும் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால், "ஐஸ் போட்டார்களா? அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்டது மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. கண்ணாடிக் கதவையும் அடுக்கி வைத்த பழங்களையும் கையுறை அணிந்த பையனையும் பார்த்து நம்பிய நான், ஐஸைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு, மதுரையில் எந்த ஜூஸ் கடைக்குப் போனாலும் உடனே ஆர்டர் கொடுக்காமல், ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு குவளையைக் கொடுத்து முடித்த கை, அடுத்த குவளையைத் தொடங்குவதற்குள் என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு கடையின் தரம் முழுவதும் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். கையுறையோடு பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டு, அதே கையுறையோடு மாம்பழத்தை நறுக்குகிறவரைவிட, வெறுங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நறுக்குகிறவர் எவ்வளவோ மேல்.

முதலில் ஜாரைப் பாருங்கள். பல கடைகளில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். அரைத்து முடித்த ஜாரை அதில் ஒருமுறை முக்கி எடுத்து, அடுத்த பழத்தைப் போட்டுவிடுவார்கள். மாலை ஏழு மணிக்கு அந்தத் தண்ணீர் மாதுளையும் பாலும் கலந்த ஒரு சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒருநாள் எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரின் பிளேடைக் கழற்றிப் பார்த்தேன். நாள்தோறும் கழுவுகிற ஜார்தான். ஆனாலும் அடியிலிருந்த ரப்பர் வாஷரைச் சுற்றிக் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருந்தது. வீட்டு ஜாரே இப்படியென்றால், காலை முதல் இரவு வரை பாலும் சர்க்கரையும் பழமும் அரைபடும் கடை ஜாரைத் தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் என்ன ஆகும்?

ஐஸைப் பொறுத்தவரை விதி தெளிவாகவே இருக்கிறது. உண்ணக்கூடிய ஐஸைக் குடிநீர்த் தரத்துக்கு உட்பட்ட தண்ணீரில்தான் தயாரிக்க வேண்டும். மீன் போன்றவற்றைக் குளிர்விக்க மட்டும் பயன்படும் ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் அறிவுறுத்தியது. இரண்டும் கலந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். சாக்கில் சுற்றி வந்து, நடைபாதையில் இறக்கி, சுத்தியலால் உடைக்கப்படும் பாளத்தைக் கண்டால் நான் அங்கே ஐஸ் வேண்டாம் என்று சொல்வதோடு நிற்பதில்லை, கிளம்பிவிடுகிறேன். மூடிய பையில் வரும், நடுவில் துளையுள்ள ஐஸ் கட்டிகளைப் பயன்படுத்தும் கடைகள் இப்போது நிறைய இருக்கின்றன.

மில்க் ஷேக்குக்கும் ஸ்மூத்திக்கும் பாக்கெட் பாலைப் பாறையாக உறையவைத்து, பூரிக்கட்டையால் தட்டி உடைத்துப் போடுவது வழக்கம். அந்தப் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டதுதான், அதாவது சூடாக்கிக் கிருமிகளை அழித்ததுதான். இருந்தாலும் ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்தி மட்டுமே வைக்கிறது. பாதி உருகிய பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைக்கும் கடையில் குடிக்காமல் இருப்பதே நல்லது.

பழத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. எலுமிச்சை, சாத்துக்குடி போன்றவற்றின் புளிப்பு கிருமிகளை ஓரளவுக்குத் தடுத்து நிறுத்தும். பப்பாளி, தர்பூசணி, வாழைப்பழம் ஆகியவற்றில் அந்தக் காவல் கிடையாது. ஆகவே வெட்டியதும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரில் வைக்க வேண்டியவை அவை. மேசை மேல் ஈ மொய்க்க, பாதி வெட்டிய பப்பாளி மதியத்திலிருந்து கிடந்தால், மேலே எவ்வளவு தேன் ஊற்றினாலும் அது மதியத்துப் பப்பாளிதான். ஸ்மூத்தியை வடிகட்டுவதும் இல்லை. ஜாரில் விழுந்தது அனைத்தும் வயிற்றுக்கே போகிறது. பச்சைக் கீரை சேர்க்கும் கடைகளில், கீரையை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று நான் அவசியம் கேட்கிறேன்.

உரிமம் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி உணவு விற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமமோ பதிவோ தேவை. தள்ளுவண்டிக்காரருக்கும் இது பொருந்தும். அதற்காகக் கொடுக்கப்படும் 14 இலக்க எண்ணில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அந்தச் சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் ரசீதிலும் எண் இருக்க வேண்டும். ஆனால் அந்த எண், கடைக்காரர் யார் என்று அரசுக்குத் தெரியும் என்பதற்கான சான்று மட்டுமே. இன்று காலை ஜாரைக் கழுவினாரா என்று அது சொல்லாது. எண் இல்லாத கடையை நான் தவிர்க்கிறேன். எண் இருப்பதாலேயே எந்தக் கடையையும் நம்பிவிடுவதில்லை.

அதேபோல, வதந்தியை நம்பிக் கடையை ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2025 கோடையில் தர்பூசணியில் நிறமி ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, அந்த ஆண்டு பயிரிட்ட தமிழ்நாட்டு விவசாயிகள் விற்பனையின்றித் தவித்ததை நாம் பார்த்தோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சம் இருக்கக்கூடும். எத்திலீன் வாயுவால் அளவோடு பழுக்கவைப்பதோ அனுமதிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மையான வியாபாரிக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது நாங்கள் வழக்கமாகப் போவது ஒரு சின்னக் கடை. முதல்நாள் தயங்கித் தயங்கி, "தம்பி, ஐஸ் எந்தத் தண்ணியில போடுறீங்க?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேன் தண்ணிதான்க்கா, இங்கயே ஃப்ரீசர்ல வைக்கிறோம், பாருங்க" என்று மூடியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு முறையும் ஜாரைக் குழாயடியில் பிடித்துக் கழுவுகிறார். அதனால் கூட்டம் சேர்ந்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். போன வாரம் முன்னால் நின்ற ஒருவர், "சும்மா அலசிட்டுப் போடுப்பா, நேரமாகுது" என்று அவசரப்படுத்தினார். தம்பி சிரித்துக்கொண்டே குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார்.