கூழாங்கல்லுக்குத் திரும்பி வந்த வெளிச்சம்: யூட்டா பாலைவனத்தில் ஒரு நாள்

ஜூன் 20ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு, 'சன் டனல்ஸ்' என்ற பாலைவனக் கலைப்படைப்பைப் பார்க்க நானும் தம்பியும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கு நோக்கிக் காரில் புறப்பட்டோம். வெண்டோவர் வரை உப்புப் படிந்த வெண்ணிறச் சமவெளி கண்ணைக் கூசச் செய்தது. நெவாடாவுக்குள் நுழைந்து, மான்டெல்லோ என்ற சிற்றூரில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு, மீண்டும் யூட்டா மாநிலத்துக்குள் திரும்பினோம். வரைபடத்தில் லூசின் என்று குறித்திருக்கும் இடத்தில் இன்று ஊர் இல்லை. ரயில் பாதையை நம்பி அங்கே வாழ்ந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அங்கிருந்து சரளைப் பாதையில் சில கிலோமீட்டர் சென்றதும், தரையின் நிறத்திலேயே நான்கு சிறு வளையங்கள் கண்ணில் பட்டன.

சிறியவை என்றுதான் முதலில் நினைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரமோ வீடோ இல்லாத வெளியில் எதன் அளவும் பிடிபடுவதில்லை. அருகில் போய் நின்றபோது ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர் நீளமும், உள்ளே ஏறக்குறைய 2.4 மீட்டர் விட்டமும் கொண்ட கான்கிரீட் குழாய் என்பது தெரிந்தது. தம்பி கையை உயர்த்திக்கொண்டே உள்ளே நடந்து போனான். ஒரு குழாயின் எடை 20 டன் அளவுக்கு வரும்.

இதுதான் அமெரிக்கக் கலைஞர் நான்சி ஹோல்ட் 1973க்கும் 1976க்கும் இடையில் உருவாக்கிய 'சன் டனல்ஸ்'. பாலைவனத்தில் சூரியன் எழுவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதே 1973 ஜூலையில் அவருடைய கணவரும் கலைஞருமான ராபர்ட் ஸ்மித்ஸன், டெக்சாஸில் தம்முடைய அடுத்த படைப்புக்கான இடத்தை வானிலிருந்து பார்வையிடச் சென்று விமான விபத்தில் இறந்துபோனார். மறு ஆண்டு ஹோல்ட் இந்தப் பாலைவனத்தில் 40 ஏக்கர் நிலத்தை வாங்கி, வானியலாளர், பொறியாளர், நில அளவையாளர் என்று பலரையும் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 2014இல் அவர் மறைந்தார். 2018 முதல் இப்படைப்பு டியா கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

குழாய்கள் பெருக்கல் குறி வடிவில் கிடக்கின்றன. சூரியன் வடக்கே தன் எல்லையைத் தொட்டுத் திரும்பும் ஜூன் நாள் கோடைக் கதிர்த்திருப்பம்; தெற்கே தொட்டுத் திரும்பும் டிசம்பர் நாள் குளிர்காலக் கதிர்த்திருப்பம். கோடைக் கதிர்த்திருப்ப நாளில் சூரியன் எழும் திசைக்கு நேர் எதிரே இருப்பதுதான் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் அது மறையும் திசை. ஆகவே இரண்டே கோடுகளில் வைத்த நான்கு குழாய்கள், இரண்டு உதயங்களையும் இரண்டு மறைவுகளையும் வளையத்துக்குள் பிடித்துவிடுகின்றன. இந்தச் சிக்கனம் என்னை மிகவும் கவர்ந்தது. அந்தப் பெருக்கல் குறியின் கோணம் கலைஞரின் விருப்பப்படி அமைந்ததும் அல்ல. ஏறக்குறைய 41 பாகை வடக்கு அகலாங்கில் உள்ள இந்த இடத்தில், ஜூன் உதயம் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 32 பாகை வடக்கே தள்ளி நிகழ்கிறது. எங்கள் சென்னையிலோ அது 24 பாகைதான். இதே குழாய்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் மெரினா மணலில் வைத்தால் ஜூன் மாதச் சூரியன் அவற்றின் நடுவே எழாது. பூமியின் சாய்வும் இந்த ஒரு இடத்தின் அகலாங்கும் சேர்ந்தே இதன் வடிவத்தைத் தீர்மானித்திருக்கின்றன.

குழாய்களின் மேற்புறத்தில் வட்டத் துளைகள் உள்ளன. ஒவ்வொரு குழாயிலும் ஒரு விண்மீன் கூட்டம்: டிராகோ, பெர்சியஸ், கொலம்பா, நம் பஞ்சாங்கத்திலும் இடம்பெறும் மகரம். விண்மீனின் ஒளிர்வுக்கு ஏற்பத் துளையின் அகலம் மாறுகிறது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, குளிர்ந்த அரையிருளில் காலடியில் வெளிச்ச வட்டங்கள் கிடந்தன. சிலவற்றை வளைந்த சுவர் நீள்வட்டமாக இழுத்திருந்தது.

வட்டங்களின் விளிம்பு கூர்மையாக இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு மங்கிக் கரைந்தது. சூரியன் ஒரு புள்ளியாக இருந்திருந்தால் அந்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்திருக்கும். அது அரைப் பாகை அகலமுள்ள தட்டாக நமக்குத் தெரிவதால்தான் இந்த மங்கல். அதாவது சூரியனின் அளவே அங்கே தரையில் எழுதப்பட்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒரு வட்டத்தின் விளிம்பில் கூழாங்கல் ஒன்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வெளிச்சம் கல்லை விட்டு ஏறக்குறைய அரைச் சாண் தூரம் விலகிவிட்டது; நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்த பூமியின் சுழற்சியை, அன்றுதான் என் கண்ணெதிரே ஊர்ந்து செல்லும் பொருளாகப் பார்த்தேன்.

வளையத்துக்குள் சூரியன் அமர்ந்திருக்கும் புகைப்படங்களைப் பார்த்துத்தான் நான் இங்கு வந்தேன். அந்தப் படங்கள் படைப்பின் ஒரு நிமிடத்தை மட்டுமே காட்டுகின்றன என்றும், அதன் பெரும்பகுதி யாரும் படமெடுக்காத இந்த நடுப்பகலில்தான் இருக்கிறது என்றும் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

மாலையில் இருபது முப்பது பேர் கூடினார்கள். ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு, தென்கிழக்குக் குழாயின் பின்னால் வரிசையாக நின்று, இரண்டு வளையங்களின் ஊடாகச் சூரியன் சிவந்து இறங்குவதைப் பார்த்தோம். யாரும் பேசவில்லை. குழாயின் உட்சுவர் முழுவதும் செம்பு நிறமாகி, பிறகு ஒரே மூச்சில் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது.

இரவில் கூடாரத்துக்கு வெளியே படுத்துக்கொண்டு, துளைகளில் கண்ட கூட்டங்களை வானத்தில் தேடினோம். டிராகோ தலைக்கு மேலே சுருண்டு கிடந்தது. மகரம் நடு இரவை ஒட்டித் தென்கிழக்கில் தாழ்வாக ஏறியது. விடியலுக்கு முன் வடகிழக்கில் பெர்சியஸ் எழுந்தது. கொலம்பாவை மட்டும் காண முடியவில்லை. அந்தக் கூட்டம் ஜூன் மாதத்தில் சூரியன் இருக்கும் பக்கமாகவே இருந்து பகலில் வானைக் கடக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: முந்தைய நாள் நண்பகலில், அந்த விண்மீன்கள் தென்வானில் வெயிலுக்குப் பின்னால் மறைந்திருந்த அதே வேளையில், அவற்றின் உருவத்தை வெயிலைக் கொண்டே என் காலடியில் ஹோல்ட் காட்டியிருக்கிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

காலையில் தென்மேற்குக் குழாயின் பின்னால் நின்று உதயத்தையும் பார்த்தோம். உடனே கிளம்புவதாக இருந்தோம். எனக்கு மனம் வரவில்லை. பதினொரு மணி வரை காத்திருந்து, கல் வைத்த குழாய்க்குள் போய் உட்கார்ந்தேன். வெளிச்ச வட்டம் மெல்ல ஊர்ந்து வந்தது.

"அக்கா, நேத்து தொட்ட அதே இடத்தத் தொட்டுடுச்சு, பாரு," என்றான் தம்பி.

மார்ச் மாதமாக இருந்தால் ஒரே நாளில் அது ஒரு விரற்கடை அளவு விலகியிருக்கும். கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில் சூரியனின் வடக்கு நகர்வு நின்றுவிடுவதால், நேற்றைய வட்டமும் இன்றைய வட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வட்டம் கல்லைத் தாண்டிப் போகும் வரை பார்த்துவிட்டு, கல்லை எடுத்து வெளியே மற்றக் கற்களோடு போட்டேன்.