பாலாஜி கட்டிய சேலை

காரைக்குடிப் பக்கம் திருவிழா மேடைகளுக்கு மைக் செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி, வள்ளி திருமணம், பல்சுவை நிகழ்ச்சி எல்லாவற்றையும் மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன் நான். சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த உரிமையில் டிவி காமெடிக் கலைஞர் வடிவேல் பாலாஜியைப் பற்றிக் கொஞ்சம்.

மதுரைக்காரர். எங்கள் பக்கம் வரும் பல்சுவைக் குழுக்களில் பாதிப் பேர் மதுரைதான். அதில் வடிவேலு குரல் பண்ணாத ஆளே கிடையாது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தர் வடிவேலு பெயரையே முன்னால் ஒட்டிக்கொண்டு விஜய் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’, ‘அது இது எது’ என்று நின்று காட்டினார் என்றால், அது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய சொந்தச் சரக்கு வடிவேலு குரல் இல்லை. ‘அது இது எது’வில் ‘சிரிச்சா போச்சு’ என்று ஒரு சுற்று வரும். விருந்தினராக வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சிரிக்கக் கூடாது. எதிரே கலைஞர்கள் வேஷம் கட்டி வந்து சிரிக்க வைக்க வேண்டும். பாலாஜி சேலை கட்டி, சவுரி வைத்து, வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நிற்பார். வசனம் வருவதற்கு முன்பே எதிரில் இருப்பவர் உதட்டைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். இவர் முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. தன் ஜோக்குக்குத் தானே சிரித்து மைக்கை நாசம் செய்யும் எத்தனையோ பேருக்கு ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை) இறக்கியவன் என்பதால், அந்த முகத்தின் விலை எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பத்தா அந்த நிகழ்ச்சிக்கு உட்காரும்போதே பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடும். ஒரு தடவை சிரித்ததில் அது கழன்று மடியில் விழுந்ததிலிருந்து அந்த ஏற்பாடு. “அந்தப் பொம்பளை வந்துட்டாளாடா?” என்றுதான் கேட்கும். பெயரெல்லாம் தெரியாது.

சினிமாவிலும் வந்தார். 2018-இல் ‘கோலமாவு கோகிலா’வில்கூட இருந்தார். ஆனால் டிவியில் அந்த ஒரு சுற்றில் அவருக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட சினிமாவில் கிடைக்கவில்லை. டிவி காமெடிக்காரர்களில் பலர் கதை இதுதான், விடுங்கள்.

அப்புறம் 2020, கொரோனா ஊரடங்கு. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் எந்த ஊரிலும் மேடை இல்லை. எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் குடோனில் கிடந்தன, ஒயரை எலி கடித்தது. டிவி படப்பிடிப்பும் கொஞ்ச காலம் நின்றிருந்தது. நாலு நிகழ்ச்சி நடந்தால் நாலு மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வாழ்கிறவர்கள் நாங்கள், மேடைக் கலைஞர்களும் அப்படித்தான். அந்த செப்டம்பர் 10-ஆம் தேதி பாலாஜி சென்னையில் இறந்துபோனார். நாற்பதுகளில்தான் இருந்தார். மாரடைப்பு வந்து தனியார் மருத்துவமனையில் சேர்த்து, பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்று செய்தி வந்தது. ஏன் மாற்றினார்கள் என்று எங்கள் தொழிலில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் படிப்புச் செலவை சிவகார்த்திகேயன் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதே ‘அது இது எது’வைத் தொகுத்து வழங்கியவர்தானே, சந்தோஷம். ஆனால் டிவியில் முகம் தெரியாத மற்ற கலைஞர்கள் வீட்டுக்கு யார் போவார்கள் என்றும் அன்றைக்கு நினைத்தேன். திருவிழா கமிட்டிகள் இன்றும் டிவி முகத்துக்கு மட்டும் முழு முன்பணம் கொடுக்கின்றன, மற்றவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்து விடியற்காலையில்தான் பட்டுவாடா.

போன திருவிழாவில் ஒரு பையன் சேலையோடு மேடையேறுவதற்கு முன் காலர் மைக் மாட்ட என்னிடம் வந்தான். முந்தானை உரசினால் கரகரவென்று கேட்கும், அதனால் தள்ளிக் குத்திவிட்டேன். “யார் மாதிரிப்பா பண்ணப் போறே?” என்று கேட்டேன்.

“பாலாஜி அண்ணன் மாதிரி” என்றான். வடிவேலு பேச்சே வரவில்லை.