அம்மா அமத்திய சுவிட்சும் 2014ஆம் வருடமும்

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகள் நாலைந்துக்குத் திருநகர் வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். போன மாதம் 19ஆம் தேதி காலை கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு தளமும் திறக்கவில்லை. சிவப்பு முக்கோணம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. அதை யார் படிக்கிறது? நெட் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

நெட்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். "பெட்டியில லாஸ் லைட்டு சிவப்பா எரியுதா சார்?" என்றான். எரியவில்லை. அது சிவந்தால்தான் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். கம்பெனியோடு இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பான் விளக்கும் பச்சையாகவே நின்றது. "அப்ப லைன்ல ஒண்ணுமில்ல சார்." வேலைக்கு வரச் சோம்பல்பட்டுச் சொல்கிறான் என்று மனசுக்குள் திட்டினேன். அதே வைஃபையில் வீட்டுக்காரி போனில் சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன், லேன் வயரைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகனைப் பிடித்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, கம்ப்யூட்டரின் நெட் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடிக்கச் சொன்னான். 192.168.1.5 என்று வந்தது. 169.254 என்று ஆரம்பித்திருந்தால் ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தமாம். அடுத்து 8.8.8.8 என்கிற கூகுள் கம்ப்யூட்டருக்குப் பிங், அதாவது பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பது. நாலு பதிலும் வந்தது. எண்ணுக்குப் பதிலாகக் கூகுள் டாட் காம் என்று பேரைப் போட்டுப் பார்த்தோம், அதற்கும் வந்தது. பேரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் சரி.

"நெட் நல்லாத்தான்ப்பா இருக்கு. அந்தச் சிவப்புல என்ன போட்டிருக்குனு வாசிங்க."

வாசித்தேன். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று போட்டிருந்தது. திரையின் மூலையைப் பார்த்தால் 2014 ஜனவரி 1! சுவரில் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கும்போது அந்த மூலையை எவன் பார்ப்பான்?

ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் காட்டும்; அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். கம்ப்யூட்டர் 2014-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் பிரௌசர் கதவைச் சாத்திவிடுகிறது. விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்று மகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் தப்பினால் திருத்துமாம். 15 மணி நேரத்துக்கு மேல் தப்பினால் சாதாரணமாக அது தொடாதாம்.

தேதியை மாற்றியதும் எல்லாம் திறந்தது. மறுநாள் காலை திரும்பவும் 2014. அப்போதுதான் உறைத்தது: கம்ப்யூட்டர் எழும்போதே எஃப்1 அமுக்கு என்று ஏதோ கேட்கிறது, நானும் இரண்டு மூன்று நாளாகப் படிக்காமலே அமுக்கிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி செத்துவிட்டது.

அது எப்போதோ செத்திருக்கும். சுவர் சுவிட்ச் போட்டபடியே இருந்தவரை அந்தக் கரண்டில் கடிகாரம் ஓடியிருக்கிறது. யுபிஎஸ்ஸும் என்னிடம் உண்டு, கரண்ட் போனாலும் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிடும். அந்த வாரம்தான் உசிலம்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். ராத்திரி படுக்கப் போகுமுன் வீடு முழுக்கச் சுற்றிவந்து ஒரு சுவிட்ச் விடாமல் அமத்துவார். யுபிஎஸ்ஸின் பட்டனும் தப்பவில்லை.

டவுன்ஹால் ரோடு வாட்ச் கடையில் சிஆர்2032 என்று கேட்டு வாங்கினேன். 20 என்பது அகலம் மில்லிமீட்டரில், 32 என்றால் கனம் 3.2. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, கிளிப்பை நெம்பி, கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி உட்கார வைத்தேன். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் தேதியைப் போட்டு, சாயங்காலத்துக்குள் எல்லாக் கடைக்கும் 3பி போட்டாயிற்று.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். இனி அதை மட்டும் அமத்த வேண்டாம் என்றும் சொன்னேன்.

"நான் அமத்தப் போயித்தானடா கண்டுபிடிச்ச?" என்றார். அன்றைக்கு ராத்திரியும் அமத்திவிட்டுத்தான் படுத்தார்.