புள்ளைகளோட மொதத் தூண்டி

சின்னப் புள்ளைகளக் கூட்டிட்டு மீன் பிடிக்கப் போறீங்கன்னா பெரிய மீன் நெனப்ப வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, இதத்தான் மொதல்ல சொல்லணும். விரல் நீளக் கெண்டைப்பொடி போதும். அது சும்மா சும்மா இரையக் கொத்திட்டே இருக்கும், தக்கை ஆடும், புள்ளைக கண்ணு அதுலயே நிக்கும். விராலுக்குக் காத்துக் கெடந்தா கொஞ்ச நேரத்துலயே "அம்மா போலாம்மா"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, அதுல அவங்க தப்பு எதுவும் இல்ல.

பொங்கல் லீவுக்கு சிவகங்கைப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தோம். மகளுக்கு ஆறு வயசு, மகனுக்கு நாலு. ஐப்பசி கார்த்திகை மழையில ரொம்புன கம்மாத் தண்ணி தை மாசம் நல்லாத் தெளிஞ்சு நிக்கும், அதவிட நல்ல நேரம் கெடையாது. ஆனா கம்மாக்குள்ள நான் எறக்கல. மேல பாத்தா முழங்கால் தண்ணி மாதிரிதான் தெரியும், உள்ள மண்ணு அள்ளுன பள்ளம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, வருசா வருசம் லீவு நேரத்துல அந்த மாதிரிப் பள்ளத்துல புள்ளைக போற சேதிய பேப்பர்ல படிச்சிட்டுத்தான இருக்கோம். அதனால மடைக்கு இந்தப் பக்கம், வயலுக்குத் தண்ணி போற வாய்க்கால். ரெண்டு பக்கமும் கரை தெரியும், அடி மண்ணு தெரியும், என் முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. அப்பறம் இன்னொண்ணு, நம்ம ஊருக் கம்மாதானன்னு நேராப் போயி தூண்டி போட்றக் கூடாது, நெறைய ஊர்ல மீன்பாசிய, அதாவது மீன் பிடிக்கிற உரிமைய, ஏலம் விட்டிருப்பாங்க. எங்க அப்பா குத்தகை எடுத்தவர்கிட்ட மொத நாளே சொல்லிட்டாரு, அவரும் "புள்ளைகதான, வாய்க்கால்ல போடட்டும்"னுட்டாரு.

என் தம்பி என் மகளுக்காக ரீல் வச்ச ராடு ஒண்ணு ஆசையா வாங்கி அனுப்பியிருந்தான். அத எடுக்கவே இல்ல. அந்தக் கைக்கு அது பெருசு, நரம்பு சிக்கிக்கிட்டே இருக்கும், சிக்கெடுக்குறது பெரியவங்க வேலையாயிரும், கடைசியில ராடு நம்ம கையில புள்ளை வேடிக்கையிலன்னு முடியும். எங்க அப்பா மெல்லிசா மூங்கில் கம்பு வெட்டி கணுவெல்லாம் வழவழன்னு சீவிக் குடுத்தாரு, கம்பு நீளத்துக்கே தங்கூசு நரம்பு, சோளத்தட்ட நெட்டிய நறுக்கித் தக்கை, சின்னதா ஒரு ஈயக்குண்டு, அவ்ளோதான். முள்ளு வாங்கும்போது நம்பர் பாத்து வாங்குங்க, நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், கெண்டை வாய்க்கு பன்னெண்டாம் நம்பரே தாராளம். முள்ளு நுனிக்குக் கீழ பின்னால பாத்த மாதிரி ஒரு குட்டி முள்ளு நீட்டிட்டிருக்கும்ல, அத நான் குறடு வச்சு நசுக்கிட்டேன். மீன் ஒண்ணு ரெண்டு நழுவும், நழுவட்டும், ஆனா புள்ளை விரல்ல ஏறுனா அப்பிடியே உருவி எடுத்துரலாம், மீன் வாயில இருந்தும் கிழிக்காம எடுக்கலாம்.

மண்புழு தோண்டுறதுதான் மகனுக்கு அன்னைக்குத் திருவிழா. அம்மாச்சி வீட்டு வாழை மரத்தடியில தோண்டித் தோண்டி தேங்கா செரட்ட நெறைய வச்சிட்டான், தூண்டி போட்டத விட அதுலதான் நேரம் போச்சு, நான் அவசரப்படுத்தல. மகளுக்குப் புழுவக் கோர்க்க மனசு வரல. "வேணாம்டா, கோதும மாவு உருட்டிக்க"ன்னு பிசைஞ்ச மாவக் குடுத்தேன், கெண்டையும் ஜிலேபி மீனும் அதையும் நல்லாவே கடிக்கும்.

மொத மீன் மகளுக்குத்தான், ஒரு ஜிலேபி, உள்ளங்கை அகலம் கூட இல்ல. தக்கை முங்குனதும் எங்க அப்பா கை தானா முன்னால போச்சு, நான் புடிச்சுக்கிட்டேன். அவளே இழுத்தா, கம்ப ஒரேடியாத் தூக்கி மீன் பின்னால வரப்புல போயி விழுந்துச்சு, அவ கத்துன கத்துல வயல்ல நின்ன கொக்கெல்லாம் பறந்துருச்சு! முதுகுத் துடுப்பு முள்ளு குத்தும், அதனால தலைப்பக்கமிருந்து வால் பக்கமா துடுப்ப அமுக்கிக்கிட்டே புடிக்கணும்னு காட்டுனேன், ரெண்டாவது தடவையே புடிச்சிட்டா.

அப்பதான் கேட்டா, "இது அம்மா மீனாம்மா?"ன்னு. ஜிலேபி நம்ம ஊரு மீனே இல்ல, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது, நம்ம நாட்டுக்கு 1952லதான் கொண்டுவந்தாங்க, தாய் மீனு முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்தும். வாயில முட்டை இருக்குற வரைக்கும் பெரும்பாலும் அது இரையே எடுக்காது, அதனால தூண்டியக் கடிக்க வராதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் மீனோட வாயையே பாத்துட்டு நின்னா. அடுத்து வந்தது "அதுக்கு வலிக்குமா?". வலிக்கும்னுதான் நெனைக்கிறேன்னு சொன்னேன், அதனாலதான் சட்டுன்னு முள்ள எடுக்கணும், திங்கிற அளவுக்குத்தான் புடிக்கணும், ரொம்பக் குட்டிய ஈரக்கையால தொட்டு தண்ணியில விட்றணும். வலிக்காதுன்னு சொல்லிட்டா அந்த நேரம் லேசா முடிஞ்சிரும், ஆனா கண்ணு முன்னால துள்ளுறதப் பாக்குற புள்ளைகிட்ட அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வரல.

மகன் தூண்டியில ஒரு கெளுத்தி வந்துச்சு, அத மட்டும் புள்ளைக கை வைக்க விடல. முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு, குத்துனா கடுப்பு லேசுல அடங்காது. எங்க அப்பாவே கழட்டுனாரு.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கெளம்பிட்டோம். திரும்பும்போது கம்மாக் கரையில நின்னு விரால் குஞ்சு காட்டுனாரு அப்பா, செவப்பா ஒரு கூட்டம் தண்ணி மேல கொதிக்கிற மாதிரி நகருது, அடியிலயே பெரிய விரால் காவலுக்கு வருது. அந்த நேரத்துல அதப் புடிக்கிறது சுலபம்னு சில பேரு புடிப்பாங்க, எங்க அப்பா தொட மாட்டாரு. காவலுக்கு நிக்கிற விரால் போனா அந்தக் குஞ்செல்லாம் மத்த மீனுக்கு இரைதான்.

வந்த மீன் ஒரு சட்டிக்குக் காணாதுன்னு அம்மாச்சி கத்திரிக்கா, மாங்கா போட்டுக் கொழம்பு வச்சாங்க. தான் புடிச்ச ஜிலேபி எதுன்னு தேடி எடுத்து, நான் முள்ளு பாத்துக் குடுக்கக் குடுக்க மகளே முழுசாத் தின்னா. மகன் ஒரு வாயோட போதும்னுட்டான், அவனுக்குப் புழு தோண்டுனதே போதும்.

சித்திரை வாக்குல கம்மா வத்தினதும் மீன்பிடித் திருவிழா வரும், ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் தூக்கிக்கிட்டு சுத்துப்பட்டு ஊரே எறங்கும். அதுக்கும் வரணும்னு ரெண்டு பேரும் இப்பவே கேக்குறாங்க. கூட்டிட்டுப் போறேன், ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ளயும் சகதிக்குள்ளயும் இந்த வயசுல எறக்க மாட்டேன், கரையில தாத்தா கையப் புடிச்சிக்கிட்டு நின்னுதான் பாக்கணும்னு சொல்லியிருக்கேன். மகன் ஒத்துக்கிட்டான், மக இன்னும் பேரம் பேசிட்டு இருக்கா.