மூன்று மாதம் காத்திருந்த ஜாடி

நானே கலந்த புகையிலையை மூன்று மாதமாக மூடி வைத்திருந்த கண்ணாடி ஜாடியை இன்று காலை திறந்தேன். உலர்ந்த அத்திப்பழ வாசனை, அதன் பின்னால் லேசாக ரொட்டி சுட்ட மணம். பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சுங்கானோடு (புகைக்கும் குழாய்) உட்கார்ந்துவிட்டேன்.

கலவை இதுதான்: நண்பர் கொடுத்த, கர்நாடகத்து ஹுன்சூர் பக்கத்து வர்ஜீனியாப் புகையிலை 60 கிராம், நிழலில் காயவைத்த பர்லிப் புகையிலை 35, லட்டாக்கியா என்கிற இன்னொரு புகையிலை 5. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், வேகமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். பர்லியில் சர்க்கரை அநேகமாக இல்லை, ஆனால் பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பர்லிக்கு மட்டும் பனைவெல்லப் பாகைத் தெளித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன். போன முறை இரண்டுக்கும் தெளித்துக் கெடுத்தேன். சரியாக எரியவே இல்லை, சுங்கானுக்குள் ஈரம் கோத்துக்கொண்டது.

இலைகளின் நடு நரம்பைக் கிழித்தெடுத்து, இட்லிக் குண்டானில் ஆவி காட்டி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கினேன். அப்புறம் அரிவாள்மனையில் மெலிசாக அரிந்தேன்.

புகைத்தபோது முதலில் வெல்ல இனிப்பு. பாதி எரிந்ததும் பர்லியின் வறுத்த கடலை ருசி. லட்டாக்கியா விறகுப் புகையிலேயே பதப்படுத்துகிற இலை. 5 கிராமே மற்ற இரண்டையும் அமுக்கப் பார்க்கிறது. அடுத்த முறை 3 போதும்.

பெரியப்பா ஜாடியை முகர்ந்துவிட்டு, "வெத்தலைக்குப் போடறதாடா?" என்றார்.

"இல்லீங்க பெரியப்பா, இதை மெல்லக் கூடாது."

மிச்சத்தை இறுக்கி மூடிவிட்டேன். இனி மாங்காய் சீசனுக்குத்தான் திறப்பேன்.