நர்சிங் சேரும் முன் போட்டுப் பார்த்த கணக்கு

2022 ஜனவரியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என் கணவர் ஒரு தாளை ஒட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி: 2,300 ÷ 11.5 = 200.

இங்கிலாந்தில் பதிவு பெற்ற நர்ஸ் ஆக மொத்தம் 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். பாதி வகுப்பறையில், பாதி வார்டில். நீண்ட பகல் ஷிப்ட் என்றால் பெரும்பாலும் காலை 7.30 முதல் இரவு 8 வரை. இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் கணக்கில் ஏறுவது பதினொன்றரை மணி. அதாவது மூன்று வருடத்தில் 200 ஷிப்ட், ஒரு பவுண்டு சம்பளம் இல்லாமல்.

"இருநூறு நாள் காலையில ஆறு மணிக்கு முன்னாடியே நீ கிளம்பிப் போயிடுவே. பசங்கள யார் கிளப்புறது? அத முதல்ல சொல்லு, மத்தத அப்புறம் பேசலாம்" என்றார். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. ஆசையோடு ஒன்றைச் சொன்னால் இந்த மனிதர் வகுத்தல் கணக்கு போடுகிறாரே என்று. படித்து முடித்துவிட்ட இன்று, நர்சிங் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நானும் அந்தக் கணக்கைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் திருச்சி. பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பிறகு பி.இ., அப்புறம் சோழிங்கநல்லூரில் சில வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். 2014இல் கணவரின் விசாவில் லண்டன் வந்தேன். இரண்டு பிள்ளைகள். இடைவெளி நீண்டுகொண்டே போய், பழைய துறையில் என்னை யாரும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாத நிலை வந்தபோது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 34. நர்சிங் ஏன் என்று கேட்டால் எல்லோரும் சேவை என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது கையில் நிற்கும் ஒரு தொழில், எந்த ஊருக்குப் போனாலும் செல்லும் ஒரு பதிவு எண். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். சேவை மனப்பான்மையோடு மட்டும் வந்தவர்கள் இரண்டாம் வருடத்தில் விலகிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பிப்பதற்கு முன் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஹெல்த்கேர் அசிஸ்டென்டாக வேலைக்குப் போனது. மருத்துவமனைகளில் 'பேங்க்' என்று ஒரு முறை உண்டு. நிரந்தர வேலை கிடையாது, முடிந்த நாளில் ஷிப்ட் எடுத்துக்கொள்ளலாம். குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, பிரஷர், சுகர் பார்ப்பது. 2021 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தேன்.

இரண்டாவது நைட் ஷிப்டிலேயே எனக்கான பரீட்சை நடந்துவிட்டது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றுப்போக்கு. இரவு ஒரு மணிக்குச் சுத்தம் செய்தோம், இரண்டரைக்குச் செய்தோம், நாலு மணிக்கு மறுபடி பெல் அடித்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடைத்து, விரிப்பை மாற்ற வேண்டும். எனக்குக் குமட்டியது, வாயால் மூச்சு விட்டுக்கொண்டேன். "சாரி லவ், சாரி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது நாற்றம் அல்ல. மூன்றாவது பெல் அடித்தபோது அந்த மனிதர் மேல் எனக்குள் ஒரு கணம் மூண்ட எரிச்சல்.

விடியற்காலையில் டீ குடிக்கும்போது இதை அங்கிருந்த மலையாளி சிஸ்டரிடம் சொன்னேன். இருபது வருடம் வார்டில் இருந்தவர். வேலூரில் கொஞ்ச காலம் இருந்ததால் தமிழ் பேசுவார். "குமட்டல் ரெண்டு வாரத்துல போயிடும் மோளே. எரிச்சல் எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும். அது கையில இறங்குதான்னு மட்டும் பாரு" என்றார். துடைக்கும் கை முரட்டுத்தனமாகிறதா, போர்வையை இழுக்கும் வேகம் மாறுகிறதா என்று கவனிக்கச் சொன்னார். அடுத்த இரண்டு மாதம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் விண்ணப்பம் போடும் தைரியம் வந்தது.

திருச்சியிலிருந்து அம்மா போனில், "அடுத்தவங்க பீ அள்ளவா உன்ன பி.இ. படிக்க வெச்சோம்?" என்று அழுதார். அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் ஊரில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், படிக்கும் உங்களுக்கும் தெரியும். நான் வாதாடவில்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது பெட்பேன் வைத்தது யார் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்டியா?" என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

இனி பணமும் காகிதமும். முதலில் விசாவைப் பாருங்கள். கணவர் அல்லது மனைவியின் விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம். ஆனால் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள், அரசு மாணவர் கடனும் கிடைக்காது. எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை வந்த பிறகே இந்தப் பேச்சை எடுத்தோம். நான் படித்த மூன்று வருடமும் உள்நாட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 9,250 பவுண்டு. 2025 செப்டம்பரில் அது 9,535 ஆனது.

ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் இரண்டாவது பட்டத்துக்குக் கடன் தரமாட்டார்கள் என்பது பொது விதி. நர்சிங் அதற்கு விதிவிலக்கு. இது தெரியாமலேயே ஆசையை மூடிவைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். பட்டதாரிகளுக்கு இரண்டு வருடத்தில் முடியும் முதுநிலை வழியும் உண்டு. அதற்குப் பல இடங்களில் முன்கூட்டியே சில நூறு மணி நேரப் பராமரிப்பு அனுபவம் கேட்பார்கள். வேலையை விடாமல், சம்பளத்தோடு படிக்கும் அப்ரென்டிஸ்ஷிப் வழியும் இருக்கிறது. கட்டணமும் கிடையாது. ஆனால் மருத்துவமனை உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், போட்டி அதிகம்.

2017இல் நர்சிங் மாணவர்களுக்கான பழைய உதவித்தொகையை இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள். 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறார்கள், திருப்பிக் கட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு 2,000. இவற்றுக்குக் கணவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அன்றாடச் செலவுக்கான கடனுக்குப் பார்ப்பார்கள், எனக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 9 சதவீதத்தைக் கடனுக்காகச் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். நான் சேர்ந்த அடுத்த வருடம், 2023 ஆகஸ்டிலிருந்து, புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த வரம்பை 25,000 பவுண்டாக்கி, 40 வருடம் வரை பிடிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். நாற்பது வயதில் சேர்பவர் இதை ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

என் பி.இ. பழசாகிவிட்டது, அண்மையில் படித்த அத்தாட்சி வேண்டும் என்று நான் கேட்ட பல்கலைக்கழகங்கள் சொன்னதால் 'ஆக்சஸ்' என்ற ஒரு வருடப் படிப்பைப் படித்தேன். அதற்கு வாங்கும் கடனை, பிறகு பட்டப்படிப்பை முடித்துவிட்டால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். கூடவே கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் 'ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்' தேர்வு. இன்டெக்ரேஷன் போட்டு முட்டி மோதி வந்தவளை 240 பவுண்டு கம்பளத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி எவ்வளவு என்று உட்காரவைத்துக் கேட்டார்கள். ரோஷப்படாமல் எழுதிவிடுங்கள்.

படிப்பில் நமக்கு எது கஷ்டம், எது சுலபம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தலைகீழ். மருந்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி என்பதைக் கேட்டு வகுப்பே நடுங்கியது. ஒரு லிட்டர் டிரிப் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் சுமார் 42. இதெல்லாம் நம் ஊர் எட்டாம் வகுப்பு. உயிரியல் படிக்காதது முதல் ஆறு மாதம் வலித்தது. சிறுநீரகம் எப்படி ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதைப் பிள்ளைகளின் கிரேயானால் படம் போட்டுப் படித்தேன், சரியாகிவிட்டது.

நான் விழுந்தது கட்டுரையில். முதல் கட்டுரைக்கு 38 மதிப்பெண், தேர்ச்சி 40. புத்தகத்தில் இருப்பதை அழகாகத் திருப்பி எழுதினால் மார்க் என்று பழகிய கை அது. இங்கே, 'இந்த ஆய்வு இப்படிச் சொல்கிறது, அந்த ஆய்வு மறுக்கிறது, நான் பார்த்த நோயாளிக்கு எது பொருந்தும், ஏன்' என்று வாதம் வைக்க வேண்டும். மறுபடி எழுதி 56 வாங்கினேன். வயதில் பெரியவள் என்ற கூச்சத்தை விட்டுவிட்டு நூலகத்தில் இருந்த எழுத்துப் பயிற்சியாளரிடம் முதல் வாரமே போயிருந்தால் அந்த 38 வந்திருக்காது.

இன்னொன்று, பேச்சு ஆங்கிலம். ஒரு பாட்டி என்னிடம் 'ஸ்பெண்ட் எ பென்னி' வேண்டும் என்றார். நான் அவர் கைப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைகளில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும், அதிலிருந்து வந்த வழக்காம். விரிப்பை மாற்றும்போது இருவரும் சிரித்துவிட்டோம். ஆங்கில மீடியத்தில் படித்தேன் என்ற தைரியம் இந்த மாதிரி இடத்தில் செல்லாது.

சரி, அந்த 200 ஷிப்டுக்கு வருகிறேன். பள்ளியில் காலை உணவு கிளப் திறப்பது 7.30. எனக்கு வார்டில் ஹேண்டோவர், அதாவது இரவு ஷிப்ட்காரர்கள் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது, தொடங்குவதும் 7.30. இந்த ஒரு முட்டலைத் தீர்க்க வழி இல்லையென்றால் மற்ற எல்லாத் தகுதியும் இருந்து பிரயோஜனம் இல்லை. என் கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். மீதி நாட்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பதிலுக்கு சனிக்கிழமை அவர் மகனுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்த மருத்துவமனை என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு ஒருமுறை வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் போட்டார்கள். காலை 5.45க்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பிய அந்த ஏழு வாரங்களில், ஷிப்ட் இருந்த நாட்களில் சின்னவனை விழித்திருக்கும்போது பார்க்கவே இல்லை. இரண்டு முறை விலகல் கடிதம் எழுதி அழித்தேன்.

ஒரு வார்டில் ஆள் குறையும்போதெல்லாம் என்னை இலவச அசிஸ்டென்டாகவே வைத்துக்கொண்டார்கள். மாணவரை ஊழியர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு பல்கலைக்கழகத் தொடர்பாளருக்கு மின்னஞ்சல் போட்டேன், மாறியது. நம்மில் பலர் அந்த மின்னஞ்சலைப் போடுவதில்லை. போடுங்கள்.

2025இல் முடித்தேன். ஆள் பற்றாக்குறை, உடனே வேலை என்று காதில் விழுந்ததை நம்பிச் சேராதீர்கள். நாங்கள் வெளிவந்த வருடம் புதியவர்களுக்கான இடங்கள் குறைந்து, புதிய பட்டதாரிகளுக்கு வேலை கிடைக்கச் செய்வதாக அரசே அறிவிப்பு விட வேண்டியிருந்தது. எனக்குப் பதினோராவது விண்ணப்பத்தில் முதியோர் வார்டு கிடைத்தது. அப்போது ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு, லண்டன் படி தனி. டெஸ்டிங்கில் தொடர்ந்திருந்தால் இதைவிட நிறைய வாங்கியிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் பட்டோம். வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நூலகமோ நண்பர் வீடோ, எங்கேயாவது போய்ப் புத்தகத்தோடு உட்காருங்கள். இரவு ஒன்பதுக்குத் திரும்புங்கள். நடுவில் போன் எடுக்கக் கூடாது, வார்டில் எடுக்க முடியாது. டிபன் பாக்ஸ், காய்ச்சல், பள்ளியிலிருந்து வரும் அழைப்பு எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர்களே பார்க்கட்டும். மாதக் கடைசியில் அவர்களை உட்காரவைத்து, இதை மூன்று வருடம் தாங்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொன்னால் போதும்.